ஜெர்மனியில் அவுஸ்பில்டுங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்தேன். ஒரு பம்ப் கம்பெனியில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பிறகு தென் ஜெர்மனியில் ஒரு சிற்றூரில், தண்ணீர்க் குழாய்களும் வெப்பமூட்டும் கருவிகளும் பொருத்தும் தொழிலில் மூன்றரை ஆண்டுப் பயிற்சி முடித்து அங்கேயே வேலை செய்கிறேன். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் சித்தப்பாவோ, அவருடைய நண்பரோ, நண்பரின் மைத்துனரோ, "தம்பி, எங்கள் பையனுக்கும் ஒரு வழி சொல்லு" என்று ஆரம்பிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னதையே திரும்பச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

அவுஸ்பில்டுங் என்பது படிப்பா, வேலையா?

இரண்டும்தான். ஆனால் முதலில் வேலை. ஒரு நிறுவனம் உங்களைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டு ஒப்பந்தம் போடும், மாதாமாதம் உதவித்தொகை தரும். வாரத்தில் மூன்று நான்கு நாள் அந்த நிறுவனத்தில் வேலை, மீதி நாள் அரசுத் தொழிற்பள்ளியில் வகுப்பு. சில தொழில்களில் வாரக் கணக்கில் பள்ளி, வாரக் கணக்கில் வேலை என்று மாறி மாறி வரும். தொழிலைப் பொறுத்து இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள். 1969-ல் வந்த தொழிற்பயிற்சிச் சட்டம்தான் இதற்கு அடித்தளம். ரொட்டி சுடுபவர் முதல் மெக்கட்ரானிக்ஸ் வரை முந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்கள் இதற்குள் வருகின்றன.

நம் ஊரில் "சீட் வாங்கியாயிற்றா?" என்று கேட்கிறார்கள். கோளாறே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. பொறியியல் கல்லூரி சீட்டைப் போல இதை யாரும் விற்க முடியாது. ஒரு முதலாளி உங்களைப் பார்த்து, பேசி, "இவன் என் பட்டறைக்குச் சரிப்படுவான்" என்று முடிவு செய்தால்தான் இடம். இது மனதில் பதிந்துவிட்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு விடை தானாகத் தெரிந்துவிடும்.

அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் இருக்கும்போது நம்மை ஏன் எடுக்க வேண்டும்?

ஆள் போதவில்லை. 2024 செப்டம்பர் கடைசியில் ஏறக்குறைய 69,000 பயிற்சி இடங்கள் ஆளில்லாமல் காலியாகக் கிடந்தன. அதே நேரத்தில் இடம் கிடைக்காத ஜெர்மன் இளைஞர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்பது நகரத்தில் அலுவலக வேலை. காலியாக இருப்பதோ இறைச்சிக் கடையிலும், ஓட்டல் சமையலறையிலும், முதியோர் இல்லத்திலும், கட்டட வேலையிலும். நமக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் அங்கேதான். பெர்லினில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பயிற்சி என்று யாராவது சொன்னால், கொஞ்சம் நிதானித்துக் கேளுங்கள்.

என்ன தகுதி வேண்டும்?

பொதுவாக பிளஸ் டூ, ஜெர்மன் மொழியில் பி1 சான்றிதழ் (ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்ற ஆறு படிகளில் மூன்றாவது), பயிற்சி ஒப்பந்தம். மதிப்பெண் 90 சதவீதம் இருக்க வேண்டியதில்லை. கணக்கில் தேறியிருந்தால் தொழில்நுட்பப் பக்கம் உதவும்.

பி1 எடுக்க எத்தனை மாதம் ஆகும்? மூன்று மாதத்தில் முடித்துத் தருவதாக ஒரு மையம் சொல்கிறதே?

தினமும் நான்கைந்து மணி நேரம் ஒதுக்கி வேறு வேலை இல்லாமல் படித்தால் எட்டிலிருந்து பத்து மாதம். வேலைக்குப் போய்க்கொண்டே படித்தால் ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம். சென்னையில் கெத்தே நிலையம் (நுங்கம்பாக்கத்து மேக்ஸ் முல்லர் பவன் என்றால் எல்லோருக்கும் தெரியும்) வகுப்பும் நடத்துகிறது, தேர்வும் நடத்துகிறது. வகுப்பை வேறு எங்கு படித்தாலும் சான்றிதழ் கெத்தே, டெல்க், ஓ.எஸ்.டி. போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேர்வு ஒன்றிலிருந்து வர வேண்டும். கெத்தே பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு அறுபது எடுக்க வேண்டும். தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம்.

மூன்று மாதத்தில் மனப்பாடம் செய்து, பழைய வினாத்தாளை உருப்போட்டுத் தேறியவர்களும் உண்டு. அவர்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். என் கதையே கேளுங்கள். முதல் வாரம், ஒரு குளியலறையில் வேலை. மாஸ்டர் (எங்களுக்குத் தொழில் சொல்லித் தரும் பட்டறைத் தலைவர்) ஏணியில் நின்றபடி "வாஸர்வாகெ" கொண்டு வரச் சொன்னார். "வாஸர்" என்றால் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வந்து நின்றேன். அவர் கேட்டது ரசமட்டம். நம் ஊர்க் கொத்தனார் கையில் எப்போதும் இருக்குமே, அதுதான். இன்றைக்கும் கம்பெனியில் யாருக்காவது ரசமட்டம் வேண்டுமென்றால் என்னைப் பார்த்து வாளி கேட்கிறார்கள்.

அதுவாவது சிரிப்போடு போயிற்று. தொழிற்பள்ளியில் மின்சாரப் பாதுகாப்பு விதிகளைப் படிக்கும்போது மொழி புரியாவிட்டால் சிரிக்க முடியாது. போதாததற்கு பவேரியாவிலும் ஸ்வாபியப் பகுதியிலும் பேசும் வட்டார ஜெர்மன், வகுப்பில் படித்ததற்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி இருக்கும். பி1 என்பது விசாவுக்கு வேண்டிய குறைந்தபட்சம். வண்டி ஏறும் முன் பி2 வகுப்பைத் தொடங்கிவிடுங்கள்.

ஏஜென்ட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

பயிற்சி இடம் பிடித்துத் தருவதற்கா? ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

ஜெர்மன் சமூகச் சட்டத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. பயிற்சி இடத்துக்கு ஆள் பிடித்துத் தரும் இடைத்தரகர் நிறுவனத்திடம்தான் கட்டணம் கேட்கலாம், பயிற்சிக்கு வருபவரிடம் கேட்கக் கூடாது. இந்தியப் பக்கம் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. உரிம எண் உண்மைதானா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

இந்த இரண்டு சட்டத்துக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. "நாங்கள் வேலைக்கு ஆள் எடுக்கவில்லை, கல்வி ஆலோசனைதான் தருகிறோம்" என்று பலகை மாட்டிக்கொண்டு, மொழி வகுப்பு, மொழிபெயர்ப்பு, "புராசஸிங்" என்று பல தலைப்பில் பிரித்து லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். மொழி வகுப்புக்குக் கட்டணம் நியாயம். சான்றிதழ் மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் நியாயம். "புராசஸிங்" என்றால் என்ன என்று கேளுங்கள். எந்தக் காகிதத்தை யாருக்கு அனுப்புகிறீர்கள், அதற்கு எவ்வளவு என்று வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிடலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், தோட்டத்தில் பாதியை அடமானம் வைத்து மூன்றரை லட்சம் கட்டியது. வந்த ஒப்பந்தத்தில் கம்பெனியின் பெயர் இருந்தது. அந்தக் கம்பெனிக்கு நான் ஜெர்மனியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்தேன். எடுத்த அம்மாள் தங்களிடம் அந்த ஆண்டு பயிற்சி இடமே இல்லை என்றார். ஐந்து நிமிட வேலை. பணம் கட்டும் முன் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழித்திருக்கலாம். ஒப்பந்தம் கையில் வந்தால், அதில் உள்ள எண்ணுக்கு அல்ல, கம்பெனியின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்குப் பேசுங்கள்.

அரசு வழி வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. செவிலியர்களுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி கொடுத்து அனுப்புவதும் அதன் வேலைகளில் ஒன்று.

ஏஜென்ட் இல்லாமல் நானே இடம் தேட முடியுமா?

முடியும். அலுப்பான வேலை, அவ்வளவுதான். ஜெர்மன் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையின் தளத்தில் பயிற்சி இடங்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. தொழில் வணிகச் சபைகளும் கைவினைச் சபைகளும் தனித்தனியே பட்டியல் வைத்திருக்கின்றன. "மேக் இட் இன் ஜெர்மனி" என்பது அரசே நடத்தும் தகவல் தளம். எல்லாம் இலவசம்.

பயிற்சி ஆண்டு பொதுவாக ஆகஸ்ட் 1 அல்லது செப்டம்பர் 1-ல் தொடங்கும். நர்சிங்கில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் கூடத் தொடங்குவது உண்டு. விசாவுக்கு ஆகும் மாதங்களையும் கணக்கில் வைத்து, ஓராண்டு முன்பே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.

விண்ணப்பத்தில் தன்விவரம், ஒரு பக்கக் கடிதம், சான்றிதழ்கள். அந்தக் கடிதத்தில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். "உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் சேர்ந்து என் அறிவை வளர்த்துக்கொள்ள..." என்று எல்லோரும் ஒரே கடிதத்தை அனுப்புகிறார்கள். முப்பது கடிதம் வாசித்த மனிதருக்கு முப்பத்தொன்றாவதும் அதுவே என்றால் என்ன தோன்றும்? நான் எழுதியது, பம்ப் கம்பெனியில் ஒரு நாளைக்கு எத்தனை இம்பெல்லர் பொருத்தினேன், எது அடிக்கடி பழுதாகும், அதை எப்படிக் கண்டுபிடிப்பேன் என்பதுதான். இலக்கணப் பிழை இரண்டு இருந்ததாகப் பின்னால் மாஸ்டரே சொன்னார். ஆனாலும் அவர்தான் என்னைக் காணொளி நேர்காணலுக்கு அழைத்தார். அறுபத்து மூன்று விண்ணப்பங்களில் பதில் வந்தது பதினொன்று, நேர்காணல் மூன்று, இடம் ஒன்று.

உதவித்தொகை எவ்வளவு? வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியுமா?

சட்டப்படியான குறைந்தபட்சம், 2026-ல் பயிற்சி தொடங்குபவர்களுக்கு முதல் ஆண்டில் மாதம் 724 யூரோ. இரண்டாம் ஆண்டு 854, மூன்றாம் ஆண்டு 977. தொழிற்சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் உள்ள நிறுவனங்கள் கூடுதலாகத் தரும். பொது மருத்துவமனைகளில் நர்சிங் பயிற்சிக்கு முதல் ஆண்டிலேயே 1,300 யூரோவைத் தாண்டும். இதெல்லாம் பிடித்தம் போகும் முன் உள்ள தொகை. மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் முதலியவற்றுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

பிறகு வாடகை. சிற்றூரில் பகிர்ந்து தங்கும் அறைக்கே 350 முதல் 450 யூரோ, மியூனிக்கில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. பஸ், உள்ளூர் ரயில் எல்லாவற்றுக்கும் சேர்த்து நாடு முழுவதும் செல்லும் மாத டிக்கெட் 2026 முதல் 63 யூரோ. பயிற்சியாளர்களுக்குச் சில மாநிலங்களில் சலுகை உண்டு. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் என்று ஒரு கடிதம் வரும். டி.வி. இல்லை என்று தூக்கிப் போடாதீர்கள், டி.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கட்டாயம். ஒரே வீட்டில் நால்வர் என்றால் பகிர்ந்துகொள்ளலாம்.

ஆக, வீட்டுக்குப் பணம் அனுப்பும் கணக்கைப் பயிற்சிக் காலத்தில் போடாதீர்கள். கடன் வாங்கி வந்தால் முதல் மாதத்திலிருந்தே கழுத்தில் கயிறு. உதவித்தொகை விசா விதிக்குப் போதாமல் குறைந்தால், மீதியை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு அளவுக்கு மேல் எடுக்க முடியாத வங்கிக் கணக்கு) போட்டுக் காட்டவும் சொல்வார்கள். வாரம் 20 மணி நேரம் வரை வேறு வேலை பார்க்க விசா அனுமதிக்கிறது. நாள் முழுக்க ரேடியேட்டர் தூக்கி, லிஃப்ட் இல்லாத நான்காம் மாடி ஏறி இறங்கியவனுக்கு அந்த 20 மணி நேரம் எங்கிருந்து வரும் என்பது வேறு கேள்வி.

நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள். நர்சிங் அவுஸ்பில்டுங்கில் சேரலாமா?

சேர வேண்டாம். இதைச் சத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தகுதியுள்ள செவிலியர்களை மறுபடி மூன்றாண்டுப் பயிற்சிக்கு அனுப்பி வைக்கும் அநியாயம் நடக்கிறது.

உங்கள் பட்டத்துக்கு ஜெர்மனியில் அங்கீகாரம் கேட்கும் வழி இருக்கிறது. அதிகாரிகள் உங்கள் பாடத்திட்டத்தை அவர்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்து, குறைபாடு இருந்தால் ஒரு தேர்வு எழுதவோ, சில மாதங்கள் நீளும் இணக்கப் பயிற்சி முடிக்கவோ சொல்வார்கள். அதுவரை உதவிச் செவிலியராகச் சம்பளத்தோடு வேலை செய்யலாம். முழு உரிமம் பெற பெரும்பாலும் பி2 கேட்பார்கள். உரிமம் வந்தபின் பொதுத் துறைச் சம்பளம் மாதம் 3,000 யூரோவுக்கு மேல் தொடங்கும். இந்த வழியில் ஜெர்மன் அரசு முகமைகளே நடத்தும் "டிரிபிள் வின்" என்ற திட்டமும் உண்டு. கேரள அரசின் நோர்க்கா அமைப்பு 2021 டிசம்பரில் அதற்காக ஒப்பந்தம் செய்தது.

பிளஸ் டூ மட்டும் முடித்தவர்களுக்குத்தான் நர்சிங் அவுஸ்பில்டுங் பொருந்தும். 2020 முதல் குழந்தை, பெரியவர், முதியவர் எல்லாப் பராமரிப்பையும் சேர்த்து ஒரே பயிற்சியாக்கிவிட்டார்கள். மூன்று ஆண்டில் 2,100 மணி நேரம் வகுப்பு, 2,500 மணி நேரம் செய்முறை.

ஐ.டி.ஐ. முடித்து அனுபவமும் இருக்கிறது. நேரடியாக வேலைக்கே போக முடியாதா?

முடியலாம். 2024 மார்ச் முதல் ஒரு புது வழி இருக்கிறது. சொந்த நாட்டில் அரசு அங்கீகரித்த, குறைந்தது இரண்டு ஆண்டுப் படிப்பு. கடந்த ஐந்து ஆண்டில் இரண்டு ஆண்டு அனுபவம். ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பளம் தரும் வேலை ஒப்பந்தம் (2026-ல் அந்த அளவு 45,630 யூரோ). இவை இருந்தால் ஜெர்மன் அங்கீகாரம் இல்லாமலே வேலை விசா கேட்கலாம். நர்சிங் போன்ற உரிமம் தேவைப்படும் தொழில்களுக்கு இது பொருந்தாது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. "இரண்டு ஆண்டு" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் எல்லாம் இரண்டு ஆண்டுப் பிரிவுகள். வெல்டரும் பிளம்பரும் ஓராண்டுப் பிரிவுகள். பத்து ஆண்டு வெல்டிங் அனுபவம் உள்ள அண்ணன் ஒருவருக்கு இதனால் வழி அடைபட்டதைப் பார்த்தேன். கையில் இருந்த திறமையைப் பார்த்தால் நான் இருக்கும் ஜெர்மன் ஊரில் மூன்று கம்பெனிகள் அவருக்காகச் சண்டை போட்டிருக்கும்.

சம்பள அளவு எட்டவில்லை என்றால் "அங்கீகாரக் கூட்டாண்மை" என்ற வழியைப் பாருங்கள். அதற்கும் இரண்டு ஆண்டுப் படிப்பு வேண்டும், மொழி ஏ2 போதும். வேலை செய்துகொண்டே ஜெர்மனியில் இருந்தபடி அங்கீகாரம் தேடலாம்.

வாய்ப்பு அட்டை என்கிறார்களே, அது?

2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள, வேலை தேடுவதற்கான அட்டை. மொழி, வயது, அனுபவம் போன்றவற்றுக்குப் புள்ளிகள் போட்டு ஆறு எடுத்தால் ஓராண்டு வரை தங்கித் தேடலாம். 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ வீதம் ஓராண்டுச் செலவை முன்கூட்டிக் காட்ட வேண்டும். பன்னிரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல். ஜெர்மன் தெரியாமல் ஆங்கிலத்தை நம்பி அட்டை எடுத்து வந்த சிலர், பணம் கரையக் கரைய பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு.

விசாவுக்கு எங்கே விண்ணப்பிப்பது?

தமிழ்நாட்டவர்களுக்குச் சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகம். 2025 தொடக்கத்திலிருந்து விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பலாம். கட்டணம் 75 யூரோ. நிறுவனம் மனது வைத்தால், அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டி விரைவு நடைமுறையைத் தொடங்கலாம். என் மாஸ்டரிடம் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு ஐந்து மாதம் காத்திருந்தேன். பின்னால் சொன்னபோது, "கேட்டிருந்தால் செய்திருப்பேனே" என்றார். கூச்சப்படாமல் கேளுங்கள்.

பயிற்சிக் காலத்தில் எதில் தவறுகிறார்கள்?

முதலில் பெரிஹ்ட்ஸ்ஹெஃப்ட். பயிற்சிக் குறிப்பேடு. அந்த வாரம் என்ன செய்தோம், பள்ளியில் என்ன படித்தோம் என்று எழுதி மாஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் இறுதித் தேர்வு எழுத விட மாட்டார்கள். முதல் ஆண்டில் நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் அகராதியோடு உட்கார்ந்து, "செப்புக் குழாயை வெட்டினேன், பிசிறு நீக்கினேன், பற்றவைத்தேன்" என்று மூன்று வரி எழுத ஒரு மணி நேரம் ஆகும். எங்கள் பள்ளியில் ஒரு பையன் ஆறு மாதக் குறிப்பை ஒரே இரவில் எழுதினான். தேதி பார்த்து எழுதாததால், மாஸ்டர் விடுமுறையில் இருந்த வாரத்தில் மாஸ்டரோடு கொதிகலன் மாற்றியதாக எழுதி மாட்டிக்கொண்டான்.

அடுத்தது சோதனைக் காலம். ஒன்று முதல் நான்கு மாதம், நர்சிங்கில் ஆறு மாதம். அதற்குள் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம். நேரம்தான் முக்கியக் காரணம். ஏழு மணி வேலை என்றால் ஆறு ஐம்பதுக்கு வண்டியருகில் நிற்க வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் வேலை தொடங்கும் முன்பே தெரிவிக்க வேண்டும். உங்கள் தவறு இல்லாமல் பயிற்சி முறிந்தால், வேறு இடம் தேட ஆறு மாதம் வரை சட்டம் அவகாசம் தருகிறது. இறுதித் தேர்வில் தவறினால் இரண்டு முறை மறுபடி எழுதலாம்.

வயது 33. தாமதமாகிவிட்டதா?

பயிற்சி ஒப்பந்தம் கையில் இருந்தால் சட்டத்தில் வயது வரம்பு இல்லை. ஒப்பந்தம் இல்லாமல், இடம் தேடுவதற்காக மட்டும் ஒன்பது மாத விசாவில் வருவதற்குத்தான் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். பதினேழு வயதுப் பையன் உங்களுக்கு மூத்த பயிற்சியாளனாக இருந்து "அந்தத் துடைப்பத்தை எடு" என்பான். அதற்கு மனம் தயாரா என்று பாருங்கள்.

மனைவி, குழந்தையை அழைத்துச் செல்லலாமா?

பயிற்சிக் காலத்தில் நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த உதவித்தொகையில் குடும்பத்துக்கு வீடும் செலவும் காட்ட முடியாது.

இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு விதி வேறா?

ஜெர்மன் சட்டம் ஒன்றுதான். விண்ணப்பம் கொழும்புத் தூதரகத்தில், மொழித் தேர்வுக்குக் கொழும்பிலும் கெத்தே நிலையம் உண்டு. ஒரு வசதி, ஈழத் தமிழர்கள் ஜெர்மனியில் பல ஆண்டுகளாக வேரூன்றியிருக்கிறார்கள். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த் திருவிழாவில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்தால், தெரிந்த கம்பெனியின் பெயர் ஒன்றாவது கிடைக்கும். தூரத்து ஊரில் தனியாக இருக்கும் தமிழ்நாட்டுப் பையன்களுக்கும் அது பொருந்தும்.

பயிற்சி முடிந்த பிறகு?

கைவினைத் தொழில் என்றால் கெஸெல்லன்பிரீஃப் என்ற சான்றிதழ் தருவார்கள். பயிற்சி தந்த நிறுவனமே பெரும்பாலும் வேலையில் வைத்துக்கொள்ளும், வேறு இடமும் தேடலாம். ஜெர்மனியில் பயிற்சி முடித்தவர்கள் தேர்ந்த தொழிலாளராக இரண்டு ஆண்டு வேலை செய்து, 24 மாத ஓய்வூதியச் சந்தா கட்டியிருந்தால் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். குடியுரிமைக்குப் பொதுவான காலம் ஐந்து ஆண்டு. மேலே படிக்க ஆசையிருந்தால், என் மாஸ்டரைப் போல ஆவதற்கான மாஸ்டர் தேர்வு இருக்கிறது. அதைத் தேறினால் சொந்தப் பட்டறை வைக்கலாம், நீங்களே பயிற்சியாளர்களை எடுக்கலாம்.

நான் வரும் செப்டம்பரில் அதற்கான மாலை வகுப்பில் சேர்கிறேன். எங்கள் கம்பெனியில் இந்த ஆண்டு தூத்துக்குடியிலிருந்து ஒரு தம்பி சேர்ந்திருக்கிறான். ரசமட்டத்துக்கு என்ன பெயர் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டேன்.